அளக்கத் தெரிந்த பிள்ளையை அடக்க முடியாது!

சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் எங்கே?

இரத்தினபுரியில் மழை பெய்தால் அது செய்தியாகாது. ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் பூமி அது. கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகலை மலைகளும் அதற்குச் சளைத்தவையல்ல. அம் மழையிலே நனைந்து கொழுந்தெடுத்தும், மழை விட்ட வேளையிலே இறப்பர் வெட்டியும் தலைமுறை தலைமுறையாக இந் நாட்டிற்குச் செல்வம் தேடிக் கொடுத்தவர்கள் எம்மவர். ஆயின் அம் மழை எவ்வளவு பெய்தது என்று அளக்கவும், எவ்வளவு பெய்தால் குஞ்சு குருமான்களைத் தூக்கிக்கொண்டு லயனை விட்டு வெளியேறவேண்டும் என்று அறியவும் அவர்தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடசாலைகள் எத்தனை? இவ்வாரம் நாம் கேட்பது இதனையே.

இது சிறிய கேள்வி என்று எண்ணுவோர் 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாளை நினைவுகூர்வார்களாக. அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலே மலையொன்று பிளந்து சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரை விழுங்கிற்று. அதே நாளில், அதே மாவட்டத்தின் புளத்கொஹுபிட்டியவில், களுபஹன தோட்டத்து லயன் வீடுகள் மண்ணுள் புதைந்தன. அங்கே சிங்களக் கிராமம்; இங்கே தோட்டத்து லயன். மலை மொழி கேட்டுச் சரிவதில்லை. மறு ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் தத்தளித்தது. 2025 நவம்பரில் வந்த டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவற்றுட் பெரும்பகுதி மலைச் சரிவுகளில் மாண்ட உயிர்களே.

இவையெல்லாம் இயற்கையின் சீற்றம் என்று கூறிக் கைகழுவுவோர் உளர். சீற்றம் இயற்கையினது, அறியாமையோ மனிதர் வைத்தது. ஊவாவின் மீறியபெத்தையிலே 2014 ஒக்டோபர் 29இல் லயன்கள் புதைந்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது என்பதை நாடறியும். எச்சரிக்கை கோப்பிலே கிடந்தது. மக்கள் மலையடியிலே கிடந்தார்கள். கோப்புக்கும் லயனுக்கும் இடையே பாலமாக நிற்கவேண்டியது எது? அந்த லயனிலே பிறந்து, அந்தத் தோட்டத்துப் பாடசாலையிலே படிக்கும் பிள்ளை என்கின்றோம் நாம்.

போத்தலும் ஓர் ஆசானே

மண்சரிவை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எளிய கணக்கொன்றை வகுத்திருக்கின்றது. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையைத் தாண்டினால் விழிப்பு. 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தம். 150ஐத் தாண்டினால், அன்றி ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், உடனே வெளியேற்றம். மூன்று எண்கள்! ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு நாளில் மனனம் செய்யத்தக்க மூன்று எண்கள்! ஆயின் அளப்பதற்குக் கருவியில்லாதவனுக்கு எண்ணால் பயன் யாது?

கருவிதான் என்ன, கடல் கடந்து வரவேண்டிய பொருளா? நேரான சுவருடைய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் மேற்பாகத்தை அறுத்து, அதனையே தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாக்கி, அடியிலே கூழாங்கல்லிட்டு நீர் ஊற்றிப் பூச்சியக் கோடு வரைந்து, பக்கத்திலே அடிமட்டத்தின் அளவைக் குறித்தால் மழைமானி ஆயிற்று. மரத்தின் நிழலும் கூரையின் ஒழுக்கும் படாத வெளியிலே அதனை நட்டு, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு வாசித்துக் குறித்துக்கொண்டால், அது வானிலை அவதான நிலையமொன்றின் சிறு தங்கை. நிலத்திலே வெடிப்புக் கண்டால் இருபுறமும் இரு முளை அறைந்து, இடைவெளியைக் கிழமைக்கு ஒருமுறை அளந்தால் மலையின் நாடி தெரியும். தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவதும், நேராக நின்ற மரம் சாய்வதும், வீட்டின் தளம் பிளப்பதும் மலை முன்கூட்டியே எழுதும் கடிதங்கள். அக் கடிதங்களை வாசிக்கப் பழக்குவதே விஞ்ஞானக் கல்வி. அமுக்கம், கனவளவு, சராசரி, வரைபு என்று பாடநூலிலே செத்துக் கிடக்கும் சொற்கள் அந்தப் போத்தலடியிலே உயிர்பெற்று எழும்.

லயனே ஆய்வுகூடம்

மழை ஒன்றுதானா பாடம்? லயனுக்கு நீர் தரும் பீலியைப் பாருங்கள். பீலிக்கு மேலே மலசலகூடம். கீழே குடம் ஏந்தி நிற்கும் தாய். கிழமைதோறும் ஏதோ ஒரு வீட்டிலே குழந்தைக்கு வயிற்றோட்டம். அது விதி என்று பாட்டி சொல்வாள். மருந்து இல்லை என்று தோட்டத்து மருந்துச்சாலை சொல்லும். ஆயின் 1982இல் இந்திய ஆய்வாளர் மூவர் வெளியிட்ட எளிய முறையொன்று உண்டு. மருந்தூட்டிய காகிதத் துண்டு இட்ட சிறு போத்தலிலே நீரை நிரப்பி, இதமான சூட்டில் ஓரிரு நாள் வைத்தால், மலக் கழிவு கலந்த நீர் கறுத்துவிடும். பிள்ளைகள் ஐந்து பீலிகளின் நீரை ஐந்து போத்தல்களில் எடுத்து வைக்கட்டும். மூன்று கறுத்தால், எந்த மூன்று என்று தோட்டத்தின் படத்திலே குறிக்கட்டும். 1854இல் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் ஜோன் சினோ வீடுவீடாகச் சென்று இறந்தோரைப் படத்திலே குறித்துத்தான், நஞ்சு ஒரு தெருக் குழாயிலிருந்து வருகின்றது என்று காட்டினார். அன்று அவர் இலண்டனிலே செய்ததை இன்று பலாங்கொடையிலே ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமி செய்யக்கூடாதா?

இறப்பர்த் தோட்டத்திற்குச் செல்வோம். பால் வெட்டாத நாட்களில் மரந்தோறும் தொங்கும் சிரட்டைகளிலே மழைநீர் தேங்குகின்றது, நுளம்பு முட்டையிடுகின்றது, டெங்கு பிறக்கின்றது. முட்டை நுளம்பாகி எழும்பச் சராசரி ஒரு கிழமை முதல் பத்து நாள் செல்லும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை சிரட்டையைக் கவிழ்த்தால் நுளம்பின் குலம் அறும். இதனைச் சுவரொட்டியிலே அச்சிட்டு ஒட்டினால் மழையிலே கரைந்துபோம். பிள்ளையே நூறு சிரட்டைகளைப் பார்த்து, எத்தனையில் குடம்பி உண்டு என்று எண்ணி, ஒரு பகுதியைக் கவிழ்த்து, மறுபகுதியை வலையால் மூடி, பத்து நாள் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த அறிவு ஆயுள்வரை கரையாது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை ஆண்டுதோறும் வாட்டும் எலிக்காய்ச்சலும் அவ்வாறே. சேற்று வயலில் இறங்கும் விவசாயியும், மாணிக்கக் குழியில் இறங்கும் தொழிலாளியும், ஈரக்காட்டில் நிற்கும் தோட்டத் தொழிலாளியும் காலிலுள்ள சிறு கீறலின் வழியே அக் கிருமியை ஏற்கின்றார்கள். எங்கே எலி மிகுகின்றது, எங்கே நீர் தேங்குகின்றது என்று படம் வரையப் பிள்ளைக்குத் தெரியாதா?

லயன் முற்றத்துச் செவ்வரத்தம்பூவும் ஆய்வுகூடப் பொருளே. அதன் சாறு புளிப்பிலே சிவக்கும், காரத்திலே பச்சையாகும். தேயிலை புளிப்பு மண்ணிலே தழைக்கும் செடி. அதே மண்ணிலே கறிமிளகாயும் போஞ்சியும் ஏன் சோர்கின்றன என்பதைத் தாயின் வீட்டுத் தோட்டத்து மண்ணைக் கரைத்துப் பார்த்தே பிள்ளை அறியலாம்; அடுப்புச் சாம்பல் ஏன் கைகொடுக்கின்றது என்பதையும் அறியலாம். தொழிற்சாலையிலே இறப்பர்ப் பாலைத் திரைக்க ஊற்றும் அமிலம் ஓடையிலே கலந்தால் மீனுக்கு என்ன நேரும் என்பதற்கு விடையும் அதே பூவிலிருந்து தொடங்கும்.

எண்ணிப் பார்மின்! எமது பிள்ளைகளைச் சுற்றி விஞ்ஞானம் மலைபோற் குவிந்து கிடக்கின்றது. அவர்களுக்கு மறுக்கப்படுவது பொருளன்று, வழிகாட்டும் கை.

திட்டமிட்டு வைத்த இருள்

இந்த மறுப்பு இன்று நேற்று விளைந்ததன்று. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் கதவைத் திறந்தபோது, தோட்டத்தின் எல்லையிலே அது நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலை துரையின் பொறுப்பிலே கிடந்தது. ஓர் ஆசிரியர், ஒரு கொட்டில், ஐந்து வகுப்பு. பெயரை எழுதத் தெரிந்தால் போதும், பிரட்டுக்களத்துக்கு ஆள் தயார் என்பதே அன்றைய கல்விக் கொள்கை. 1948இல் பிரசாவுரிமை பறிபோயிற்று. 1960ஆம் ஆண்டளவில் நாட்டின் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் தீண்டத்தகாதனவாய் விடப்பட்டன. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசின் கை அவற்றை எட்டிற்று. அந்த நாட்களிலேயே, 1977இலும் 1981இலும் 1983இலும், சப்ரகமுவத் தோட்டங்களிலே தீ மூண்டது. ஆசிரியரும் அயலாரும் மூட்டை கட்டி வவுனியாவுக்கும் இந்தியாவுக்கும் ஓடினார்கள். எஞ்சியோர் சிதறிய தோட்டங்களிலே சிறுபான்மையுள்ளும் சிறுபான்மையாய் நின்றார்கள்.

பின்னர் சுவீடனும் ஜெர்மனியும் உதவின. பத்தனையிலே ஸ்ரீபாத கல்விக் கல்லூரி எழுந்தது. கட்டடங்கள் வந்தன; ஆசிரியர் வந்தனர். நன்றியோடு ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் அந்த ஒளியின் பெரும்பங்கு நுவரெலியா, பதுளைப் பக்கமே வீசிற்று. சப்ரகமுவ ஓரத்திலே நின்றது. இன்றும் இவ்விரு மாவட்டங்களிலும் உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பிக்கும் பாடசாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் நிலையான ஆசிரியரைத் தேடினால் விரல்களும் மிஞ்சும். பல்கலைக்கழக அனுமதியிலே மாவட்ட ஒதுக்கீடு உண்டு என்கின்றார்கள். விஞ்ஞான வகுப்பே இல்லாத பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு, பசித்தவனுக்குக் காட்டிய சித்திரச் சோறு!

பூட்டிய அலுமாரி

திணைக்களத்தார் இங்கே குறுக்கிட்டு, “பொருள் அனுப்பினோமே” என்பார்கள். அனுப்பினீர்கள். அவை எங்கே இருக்கின்றன என்று கேட்டீர்களா? நாம் சென்ற பாடசாலையொன்றிலே, பெயர் வேண்டாம், அதிபரின் அறையிலே அலுமாரி ஒன்றைக் கண்டோம். சோதனைக் குழாய்களும் வில்லைகளும் வந்த உறையோடே அதற்குள் உறங்கின. வெளியே எடுப்பதில்லையா என்றோம். “உடைந்தால் பொருட் பதிவேட்டுக்கு நானல்லவா பதில் சொல்லவேண்டும்?” என்றார் அவர். அவரைக் குறைகூற எமக்கு நாவெழவில்லை. உடைந்த குழாய்க்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் அரசு, உடைந்த பிள்ளைக்கு யாரிடம் விளக்கம் கேட்கின்றது?

2007ஆம் ஆண்டின் பாடத்திட்டச் சீர்திருத்தம், பிள்ளை தானே தேடிக் கண்டறிவதே கற்கும் முறை என்று விதித்தது. நல்ல விதி. கொழும்பிலே அச்சாகி மலையேறும்போது அந்த விதி கரும்பலகையாய்ச் சுருங்கிவிட்டது. ஆசிரியர் எழுதுகின்றார், பிள்ளை பார்த்தெழுதுகின்றது. செவ்வரத்தை வேலிக்கு அருகே அமர்ந்துகொண்டு, பாசிச் சாயத்தாள் சிவக்கும் என்று மனனம் செய்கின்றது!

ஓஷங்காபாத் காட்டிய வழி

பணமில்லை, ஆய்வுகூடமில்லை என்போருக்கு ஒரு வரலாறு கூறுவோம். மத்தியப் பிரதேசத்தில் அந்நாளில் ஓஷங்காபாத் எனப்பட்ட மாவட்டம் ஏழை உழவர் வாழும் நாட்டுப்புறம். அங்கே 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராமிய நிலையம் என்னும் இரு அமைப்புகள் பதினாறு நடுநிலைப் பாடசாலைகளிலே ஒரு முயற்சியைத் தொடங்கின. நூலை வாசிக்கும் விஞ்ஞானம் நின்றது. செய்து பார்க்கும் விஞ்ஞானம் தொடங்கிற்று. எளிய பொருள்கள் அடங்கிய பெட்டி ஒன்று; பிள்ளைகள் நால்வர் நால்வராகச் சோதனை செய்து தாமே முடிவு எழுதினர். பரீட்சையிலே நூலைத் திறந்துவைத்துக்கொள்ளலாம்; ஏனெனில் விடை நூலிலே இல்லை, சிந்தனையிலே இருந்தது. 1978இல் மாவட்டம் முழுதும் பரவிற்று. 1982இல் ஏகலவ்யா நிறுவனம் பொறுப்பேற்று, பல மாவட்டங்களிலே ஏறத்தாழ ஆயிரம் பாடசாலைகளுக்கு அதனைக் கொண்டுசென்றது. ஆய்வுகூடக் கட்டடத்திற்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

முடிவையும் மறைக்கமாட்டோம். 2002இல் மாநில அரசு அதனை நிறுத்திற்று. முப்பது ஆண்டு உழைப்பு ஓர் உத்தரவிலே முடிந்தது. கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைகளுக்குக் கோட்டைகளிலே நண்பர்கள் குறைவு என்பதே நாம் அதிலே கற்கும் பாடம். ஆயினும் விதை சாகவில்லை. 1993 முதல் இந்தியாவிலே ஆண்டுதோறும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு நடைபெறுகின்றது. பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தம் ஊரின் சிக்கல் ஒன்றை எடுத்து, அளந்து, எழுதி, அறிஞர் முன்னே நிறுவுகின்றார்கள். தமிழகத்திலே தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதனைத் தமிழிலே நடத்துகின்றது. பாடசாலையை எட்டிப் பாராத பிள்ளைகளும் அதிலே கலந்துகொள்ளலாம். பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழிலே முடிவது, இப்பால் தமிழிலே ஏன் முடியாது?

“விளையாட்டுக்கு இது நேரமா?”

எமது நண்பர் சிலரே ஒரு தடை எழுப்புகின்றார்கள். “வசதியுள்ள பிள்ளைக்குப் பரீட்சைப் புள்ளி, ஏழைப் பிள்ளைக்குப் போத்தலும் பூவுமா? முதலிலே சித்தியடையட்டும், பின்னர் ஆராயட்டும்” என்கின்றார்கள். இதனை நாம் எளிதாகத் தள்ளமாட்டோம். தோட்டத்தை விட்டு வெளியேறும் ஏணி இன்று பரீட்சை ஒன்றே. அந்த ஏணியை எடுத்துவிட்டுப் போத்தலைக் கொடுக்குமாறு நாம் கேட்கவில்லை. ஆயின் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் எம் பிள்ளைகள் ஏன் விழுகின்றார்கள்? மனனம் போதாமையாலா? காணாத பொருளை, கேளாத சொல்லால், தொடாத கையோடு கற்பதனாலன்றோ! தன் மழைமானியிலே முப்பது நாள் சராசரி கண்ட பிள்ளை பரீட்சையிலே சராசரிக் கணக்கைக் கண்டு நடுங்காது.

இன்னொரு தடை எமது மனத்திலேயே எழுந்தது. பிள்ளைகள் மழையை அளக்கத் தொடங்கினால், அதுவே போதும் என்று அரசு உறங்கிவிடாதா? கறுத்த போத்தலைக் காட்டியும் பீலி மாறாவிட்டால்? ஆகவே திட்டவட்டமாகச் சொல்லிவைக்கின்றோம்: பிள்ளையின் அளவீடு அரசின் கடமைக்கு மாற்றீடன்று, அது அந்தக் கடமைக்குப் போடும் அழைப்பாணை. சரிவுக்கு அடியிலுள்ள லயனைப் பெயர்த்து, பாதுகாப்பான நிலத்திலே வீடு கட்டிக் கொடுப்பது அரசினதும், 1992 முதல் தோட்டங்களை நடத்தும் கம்பனிகளினதும் பொறுப்பு. எந்தப் பிள்ளையும் போத்தலை ஏந்தி அந்தப் பொறுப்பைச் சுமக்கவேண்டியதில்லை.

அளவே ஆயுதம்

ஏன் அளவை இவ்வளவு வலியுறுத்துகின்றோம்? வடக்கின் விவசாய நண்பர்களைக் கேளுங்கள். சுன்னாகத்துக் கிணறுகளிலே எண்ணெய் கலந்தபோது, “நீர் நாறுகின்றது” என்ற முறைப்பாட்டைப் பொருட்படுத்தியவர் எத்தனை பேர்? நீர் சோதிக்கப்பட்டது, அளவுகள் எழுத்திலே வந்தன, வழக்கு எழுந்தது, 2019இல் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்து நட்டஈடு விதித்தது. அழுகை கச்சேரி வாயிலிலே நின்றுவிடும். அளவு நீதிமன்றத்துக்குள்ளே நுழையும்.

தோட்டத்து மக்கள் இருநூறு ஆண்டுகளாக அழுதிருக்கின்றார்கள். “ஐயா, தண்ணி சரியில்லீங்க” என்றால் துரை சிரிப்பார். “ஐந்து பீலியில் மூன்றிலே மலக் கிருமி, இதோ நாள், இதோ படம், இதோ எட்டாம் வகுப்பின் கையொப்பம்” என்றால் துரை எழுந்து நிற்பார். கூலிக்கு அளவு அறியாமல் கொழுந்து நிறுத்த காலத்திலே தராசு யார் கையில் இருந்தது? அந்தத் தராசை முதன்முறையாகத் தொழிலாளியின் பிள்ளை ஏந்துவதே நாம் கேட்கும் விஞ்ஞானக் கல்வி. அதனாலேயே அதற்கு இத்தனை தாமதம் என்று நாம் ஐயுறுவதிலே தவறுண்டா?

எமது தலைவர்களுக்கும் ஒரு சொல். கட்டடத்துக்கு அடிக்கல், கல்லிலே பெயர், பெயருக்கு மாலை, இவற்றிலே நீங்கள் குறை வைத்ததில்லை. கட்டடத்துக்குள்ளே இரசாயன ஆசிரியர் உண்டா என்று பாராளுமன்றத்திலே எத்தனை முறை எழுந்து கேட்டீர்கள்? தேர்தலுக்குத் தேர்தல் கூரைத்தகடு கேட்ட மக்கள், இனிக் கூரைக்குக் கீழே நடப்பதையும் கேட்பார்கள்.

நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, தோட்டங்கள் செறிந்த ஒவ்வொரு கல்வி வலயத்திலும், உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழிலே முழு ஆசிரியர் குழுவோடு கற்பிக்கும் பாடசாலை ஒன்றேனும் வேண்டும். தொலைவிலுள்ள பிள்ளைகளுக்கு விடுதியும் வேண்டும்.

இரண்டாவது, அலுமாரியைத் திறக்கவேண்டும். கற்பித்தலில் உடையும் பொருளுக்கு ஆசிரியர் பொறுப்பில்லை என்று சுற்றறிக்கை வரவேண்டும்.

மூன்றாவது, மலைச் சரிவிலுள்ள ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் மழைமானி நடப்படவேண்டும். பிள்ளைகளின் வாசிப்பு மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்குச் செல்லவேண்டும். எச்சரிக்கை காலம் தாழ்த்தாது தமிழிலே திரும்பி வரவேண்டும்.

நான்காவது, நீரையும் நுளம்பையும் பற்றிப் பாடசாலை அனுப்பும் அறிக்கைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தோட்ட நிர்வாகமும் எழுத்திலே பதில் தரக் கடமைப்படவேண்டும்.

அரசு அசையும்வரை கைகட்டி நிற்கலாமா? இவ்விதழைப் படிக்கும் பொறியியலாளரே, மருத்துவரே, ஆசிரியரே, உங்களைக் கேட்கின்றோம். பாடசாலை விடுமுறையிலே ஒரு கிழமை இறக்குவானைக்கோ, காவத்தைக்கோ, தெஹியோவிற்றைக்கோ போய்வர உங்களால் முடியாதா? சொற்பொழிவு வேண்டாம், ஒரு போத்தலும் அடிமட்டமும் எடுத்துச் செல்லுங்கள். விவசாயிகளே, மண்ணின் நிறத்தைக் கண்டே அதன் குணம் சொல்லும் உங்கள் அறிவு எந்தப் பட்டத்திற்கும் குறைந்ததன்று. அதனை ஒரு வகுப்பின் முன்னே சொல்லிக் காட்டுங்கள். பெற்றோரே, “மழையிலே நனையாதே” என்று பிள்ளையைத் தடுக்குமுன், அது மழையை அளக்கப் போகின்றதா என்று ஒருமுறை கேளுங்கள்.

அடுத்த பருவமழை எவரையும் கேட்டு வரப்போவதில்லை. அது வரும் இரவிலே, எட்டியாந்தோட்டையின் ஏதோ ஒரு லயனிலே, ஒரு பிள்ளை விளக்கோடு வெளியே போய்ப் போத்தலைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, “அம்மா, நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது, தம்பியைத் தூக்குங்கள், போவோம்” என்று சொல்லவேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லக் கற்பிக்காத கல்வி, எந்தப் பெயரிட்டு அழைத்தாலும், எமது பிள்ளைகளுக்குக் கல்வியாகாது.